ஆறாவது போல்ட்

உடைந்த போல்ட்டை எடுப்பது எப்படி என்று எழுதித் தரும்படி நம் மெக்கானிக் சங்கத்துப் பையன்கள் கேட்டார்கள். மலர் போடுகிறார்களாம். ஆளைத் தப்பாகப் பிடித்துவிட்டார்கள். உடைப்பது எப்படி என்று கேட்டிருந்தால் மலர் முழுக்க நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.

இப்போது பட்டறையில் காற்றில் ஓடும் துப்பாக்கி இருக்கிறது. அமுக்கினால் டர்ர் என்கிறது. போல்ட் கையில் வந்து விழுகிறது. வராவிட்டால் சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பை மொத்தமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுகிறார்கள். நல்லதுதான். அது அப்போதே இருந்திருந்தால் என் இடது கைக் கட்டைவிரல் இன்றைக்கு நேராக இருக்கும். அந்தக் காலம்போல வருமா என்று யாராவது ஆரம்பித்தால் நான் கட்டைவிரலைக் காட்டிவிடுவேன்.

வேலை பழகிய கதை சின்னது. எட்டாம் வகுப்பில் நின்றேன். கோவில்பட்டியில் பரமசிவம் மேஸ்திரி பட்டறையில் கொண்டுவந்து விட்டார்கள். வந்த புதிதில் ஒரு ஜீப்பின் இடது பின் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். பழைய ஜீப்புகளில் இடது பக்கத்து நட்டுகளுக்குத் திருகு மரை எதிர்ப்பக்கம் இருக்கும். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்பேனரில் ஏறி நின்று குதித்தேன். கொஞ்சம் அசைந்தது. சந்தோஷமாக இன்னும் குதித்தேன். நட்டைத் தாங்கும் ஸ்டட் முறிந்து, நட்டும் நானும் சேர்ந்தே கீழே விழுந்தோம். கழற்றுவதாக நினைத்து இறுக்கியிருக்கிறேன்.

மேஸ்திரி வந்து பார்த்தார். "வாங்க சார். அடி ஒண்ணும் படலையே? டீ சாப்பிடுதீங்களா?" என்றார்.

எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைத்தேன். மற்றவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. மேஸ்திரி சந்தோஷமாக இருந்தால் "ஏலே" என்பார். சும்மா இருந்தால் "வே" என்பார். "வாங்க, போங்க" என்று சொன்னால் எரிந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். "சார்" போட்டால் அன்றைக்கு அவர் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. அந்தப் பட்டறையில் என்னளவுக்கு சார் பட்டம் வாங்கியவன் கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது அதிகம்தான்.

மேஸ்திரி சத்தமே போடமாட்டார். பிடிவாதமான போல்ட் என்றால் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். வந்து, சுத்தியலால் அதன் தலையில் லேசாக நாலு தட்டு. குழந்தையைத் தூங்கவைக்கிற தட்டு. பிறகு ஸ்பேனரை மாட்டி, முதலில் ஒரு மயிரிழை இறுக்குவார். பிறகுதான் கழற்றும் பக்கம் திருப்புவார். முறுக்கும்போது முகத்தை வேறெங்கோ வைத்துக்கொள்வார். "கண்ணால பாத்தா வேகம் வரும்வே. கையால பாரு" என்பார். நானும் அதே மண்ணெண்ணெய் ஊற்றினேன். அதே டீ குடித்தேன். அதே நாலு தட்டு தட்டினேன். எனக்கு மட்டும் முறிந்தது. கடைசியில் நான் ஒரு போல்ட்டில் கை வைக்கும் முன்பே அவர் மாற்று போல்ட்டை எடுத்து அருகில் வைத்துவிடுவார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆயுத பூசை நாள்.

நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் சாமான்களையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் பரப்பிவிடுவோம். பூசை முடிந்தால் மறுநாள் காலை வரைக்கும் ஒன்றையும் தொடக்கூடாது. இப்போது சிலர் படத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஸ்பேனரை வைத்துவிட்டு மற்றதில் வேலை பார்க்கிறார்கள். பரமசிவம் மேஸ்திரி அப்படியில்லை. சுத்தியல், உளி, டிரில் மெஷின், வெல்டிங் செட், ஜாக்கி, பெஞ்சோடு இறுக்கியிருக்கும் வைஸ் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம். "வருசம் பூரா அடி வாங்குத சாமான். ஒருநா கிடக்கட்டும்" என்பார்.

பூசை முடிந்து பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தோம். வாழைக்கன்று கட்டிய ஒரு டிராக்டர், வாழைக்கன்று கட்டிய ஒரு ஜீப்பைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தது. கல்யாண ஊர்வலம்போல இருந்தது. ஜீப்பில் மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தவன் என் மச்சினன் காளிராஜ். என் மனைவி சண்முகத்தாயின் தம்பி. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிடம் டிரைவராக இருந்தான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். ஜீப், பட்டாளத்து ஏலத்தில் முதலாளி எடுத்தது.

"அத்தான், இன்ஜின் ஓடுது. வண்டி ஓட மாட்டேங்குது."

"எங்கனலே போயிருந்த?"

காலையில் பூசை போட்டதும் முதலாளி, எலுமிச்சம்பழத்தில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஷெட்டில் விடச் சொல்லியிருக்கிறார். இவன் அந்தச் சுற்றை நாகலாபுரம் வரைக்கும் சுற்றிவிட்டான். அங்கேதான் அவனுக்குப் பெண் பேசிப் பூ வைத்திருந்தது. தையில் கல்யாணம்.

"அவ தெருவுல ரெண்டு தடவ போய்ட்டு வந்தேன் அத்தான்."

"அவ பாத்தாளா?"

"மாமனாருதான் பாத்தாரு."

திரும்பி வரும்போது வண்டி நின்றுவிட்டது. சாயங்காலம் முதலாளி குடும்பத்தோடு கழுகுமலைக்குச் சாமி கும்பிடப் போக வேண்டும். ஜீப் ஷெட்டில் இல்லையென்றால் வேலை போய்விடும். வேலை போனால் பெண்ணும் போய்விடும். டிரைவர் மாப்பிள்ளை என்றுதான் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். அவன் இதற்கு முன்னால் பார்த்த வேலைகளெல்லாம் எப்படிப் போயின என்பது அவர்கள் காதுக்குப் போகாமல் நாங்கள் காத்துவந்தோம். சண்முகத்தாய்க்கு இது தெரிந்தால் எனக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

குனிந்து பார்த்தேன். பின் ஆக்சில். இந்த ஜீப்பில் ஆக்சிலின் முனை ஒரு தட்டுப்போல விரிந்திருக்கும். அந்தத் தட்டைச் சக்கரத்தின் ஹப்போடு சேர்த்துப் பிடித்திருப்பது சுற்றிலும் ஆறு போல்ட். அந்த ஆறும் போனால் ஆக்சில் தனியாகச் சுற்றும். சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும். வலது பக்கத்தில் ஆறும் போயிருந்தது. மூன்று, கழன்று வழியில் விழுந்துவிட்டன. மீதி மூன்று முறிந்து, துண்டு ஹப்புக்குள்ளேயே நின்றது.

மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் பொரியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு உளி."

"பூசையில இருக்குவே."

"பையன் வேலை போயிரும்."

"வேலை பாக்கக்கூடாதுன்னு நான் சொன்னனா? என் சாமானத் தொடக்கூடாதுன்னுதான் சொல்லுதேன்."

காளிராஜ் சீட்டுக்கு அடியில் கையை விட்டு வண்டியோடு வந்த ஜாக்கியையும் இரண்டு ஸ்பேனரையும் எடுத்தான். "இதுக்கும் சேத்துத்தான் ஆரத்தி காட்டுனாங்க. தொடலாமா அண்ணாச்சி?"

மேஸ்திரி யோசித்தார். "வண்டி ஓடலாம்னா வண்டிக்குள்ள கிடக்கதும் ஓடலாம்" என்று தீர்ப்புச் சொன்னார். கழன்று விழுந்த போல்ட்டுகளுக்குப் பதில் பழைய போல்ட் டப்பாவில் எடுத்துக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது. அது சாமான் இல்லையாம், குப்பையாம்.

ஜாக்கி போட்டுத் தூக்கினோம். ஆக்சிலை உருவினேன். ஒரு துண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துணியைச் சுற்றி விரலால் திருகினேன். வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். மற்ற இரண்டும் உள்ளே அமுங்கி நின்றன. சுற்றிலும் துருவும் கரிசல் மண்ணும் காய்ந்து பூசியிருந்தது. மழையில் நம் மண் எப்படி அப்பும் என்று தெரியும். காய்ந்தால் சிமெண்ட் தோற்றது.

நாலு போல்ட்டில் ஓட்டிவிடலாமா என்றேன். "தாராளமா ஓட்டுங்க. கழுகுமலைக்குப் பாதி வழியிலயே சாமி தரிசனம் கிடைச்சிரும்" என்றார் மேஸ்திரி. மரியாதை ஆரம்பித்துவிட்டது. ஐந்தாவது வேண்டும்.

சுவரில் காலண்டர் தொங்கிய ஆணியைப் பிடுங்கினேன். ரோட்டில் ஒரு கல் எடுத்தேன். துண்டின் ஓரத்தில் ஆணியைச் சாய்த்து வைத்து அடித்தால் கழன்று திரும்பும் என்பது என் திட்டம். ஆணி ஓரத்தில் நிற்காமல் நடுவுக்கு வழுக்கியது. நான் அடித்தேன். இன்னும் பலமாக அடித்தேன். துண்டின் முகம் காளான்போல மலர்ந்து மரையைக் கவ்விக்கொண்டது. ஆணி கொக்கியாக வளைந்தது.

"அடிங்க சார், அடிங்க. உள்ள போயி அந்தப் பக்கமா வெளிய வந்துரும்" என்றார் மேஸ்திரி.

சார் வந்துவிட்டது. நான் வெளியே கிளம்பினேன்.

ஊசி முனையுள்ள ஏதாவது ஒரு சாமான் போதும். பக்கத்துச் சைக்கிள் கடையில் போனேன். எல்லாம் சந்தனத்தில் கிடந்தது. தையல்கடை மிஷினுக்கு மாலை போட்டு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். நகைப் பட்டறையில் கதவைத் திறக்கவே இல்லை. முடிவெட்டும் கடைக்காரர் வாசலில் நின்று, "என்ன அண்ணாச்சி, சேவிங்கா? நாளைக்கு வாங்க. என் தாடியே இன்னைக்கு அப்படித்தான் கிடக்கு" என்று தடவிக் காட்டினார். வீட்டுக்கு ஓடினேன். சமையலறையில் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தேன்.

"அருவாமனை, கத்தி, தேங்காத் திருவி எல்லாம் பூசையில இருக்கு" என்றாள் சண்முகத்தாய். "இன்னைக்குக் காயி நறுக்கல. சுண்டல்தான். எதுக்குக் கேக்குதீங்க?"

"சும்மாதான்."

"சும்மா எதுக்கு ஆம்பள அருவாமனை கேக்கணும்?"

வெறுங்கையோடு வந்துவிட்டேன். ஊரில் இருந்த இரும்பு முழுக்க லீவில் இருந்தது.

பட்டறைக்குத் திரும்பும் வழியில் ரோட்டோரம் ஒரு ஆட்டுக்காரர் குத்தவைத்திருந்தார். சுற்றிலும் ஆடுகள், உடைத்த பூசணிக்காய்களை மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு குட்டியின் காலை மடியில் வைத்துக் கருவேல முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்பு அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி தொங்கியது. ஒரு வளையத்தில் சின்ன இடுக்கியும், கூடவே சைக்கிள் கம்பி தடிமனில் ஒரு உருக்கு ஊசியும். அதில் சந்தனம் இல்லை.

"அண்ணாச்சி, அந்த முள்வாங்கியக் கொஞ்சம் தாங்களேன்."

"யாருக்கு முள்ளு?"

"ஜீப்புக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெயர் ராமையா என்றார். தருவதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் கழற்ற முடியாது என்றார். கல்யாணத்தன்று போட்ட முடிச்சாம். வேர்வையிலும் மழையிலும் இறுகிக் கல்லாகிவிட்டது. நானும் நகத்தால் பார்த்தேன். போல்ட்டே தேவலை. அறுக்கலாம் என்றால் ஊரில் கத்தி இல்லை.

அதனால் ராமையாவையே கூட்டிக்கொண்டு போனேன். ஆடுகளும் வந்தன.

ஹப்பின் உயரத்துக்கு இடுப்பைக் கொண்டுவர அவர் பக்கவாட்டில் மண்டியிட வேண்டியிருந்தது. ஒரு கையால் டயரைப் பிடித்துக்கொண்டு, ஜீப்பைக் கட்டிப்பிடித்து அழுகிறவர்போல இருந்தார். காளிராஜ் மண்ணெண்ணெய் ஊற்றினான். நான் ஊசியைப் பிடித்தேன். கயிறு சாண் நீளம்தான். நான் அழுத்தினால் அவரும் கூடவே வந்தார்.

முதலில், நான் கல்லால் அடிக்காத துண்டைச் சுற்றிலும் இருந்த மண்ணைக் கிளறினேன். கறுப்பாகக் கரைந்து வழிந்தது. பிறகு முறிந்த முகத்தில் ஒரு மேடு தேடி, ஊசி முனையை அதில் சாய்த்து ஊன்றி, கழலும் பக்கமாகத் தள்ளினேன். வழுக்கியது.

"அது என் இடுப்புவே!" என்றார் ராமையா.

மறுபடி வைத்தேன். இந்த முறை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். மேஸ்திரியைப் பார்த்துக் கற்றதல்ல. ராமையாவின் அக்குள் என் மூக்குக்கு நேரே இருந்தது. தள்ளினேன். கைக்குள் ஒரு சின்ன அசைவு. மறுபடி தள்ளினேன். துண்டு கால் சுற்றுத் திரும்பியது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போல்ட்டை இறுக்கிப் பிடித்திருப்பது அதன் தலை. தலை முறிந்தபிறகு அந்தத் துண்டை எதுவும் பிடிக்கவில்லை. மண்ணும் துருவும்தான் பிடித்திருக்கின்றன. அதைக் கிளறிவிட்டால் விரலுக்கே வரும். இத்தனை வருடம் தலையில்லாதவனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். துண்டு வெளியே வந்து என் உள்ளங்கையில் உருண்டது. மரை புதுசாக இருந்தது.

"முள்ளு பெருசுதான்" என்றார் ராமையா.

அடுத்ததில் வைத்தேன். நான் கல்லால் அடித்தது. ஊசி வளைந்தது. ராமையா எழுந்துவிட்டார். "அதுல குத்தாதிய. இது போச்சுன்னா நாளைக்கு என் குட்டிக்கு யாரு முள்ளெடுப்பா?"

நியாயம்தான். ஐந்து கிடைத்துவிட்டது. ஆக்சிலைச் சொருகி, டப்பாவிலிருந்து ஐந்து போல்ட் பொறுக்கி இறுக்கினேன். எதுவும் முறியவில்லை. ராமையாவுக்குப் பொட்டலம் நிறையப் பொரி கொடுத்து அனுப்பினோம்.

ஜாக்கியை இறக்கிவிட்டு முன்பக்கம் வந்தபோதுதான் பார்த்தோம். ஜீப்பின் மாலையில் நார் மட்டும் தொங்கியது. வாழைக்கன்று இரண்டும் இல்லை. மாவிலைத் தோரணம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் சக்கரத்தில் தலையைக் கொடுத்திருந்த நேரத்தில் ஆடுகள் வண்டிக்கு மறுபூசை போட்டுவிட்டன.

"அண்ணாச்சி, நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?" என்றேன்.

"பாத்தேன். சாமிக்குப் போட்டது. சாமி எதுல வந்து திங்கும்னு நமக்குத் தெரியுமா?" என்றார் மேஸ்திரி.

வேறு மாலை வாங்க நேரமில்லை. காளிராஜ் நாரோடு கிளம்பிப் போனான்.

மறுநாள் காலை சாமான்களையெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தோம். ஜீப் வந்தது. காளிராஜ்தான் ஓட்டிவந்தான். வேலை தப்பித்தது என்று நினைத்தேன். இறங்கி வந்தவன் முகம் சரியில்லை.

கழுகுமலைக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஆக்சில் ஒரு சத்தம் போடவில்லை. ஆனால் ஏறும்போதே முதலாளியம்மா மாலை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஆடு தின்றுவிட்டது என்று இவன் சொல்லியிருக்கிறான். வாழ்க்கையில் என்றைக்காவது ஒருநாள் உண்மை சொன்னால் இப்படித்தான். ஷெட்டுக்குள் ஆடு எப்படி வந்தது என்று முதலாளி கேட்க, கோயில் போய்ச் சேருவதற்குள் நாகலாபுரம் வரைக்கும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. சாமி கும்பிட்டு இறங்கியதும் முதலாளி, "சாவியக் குடு. இதோட நீ நின்னுக்க" என்றிருக்கிறார்.

"அப்புறம்?"

"முதலாளியம்மாதான், வீட்டுக்கு யாரு ஓட்டுவான்னு கேட்டாங்க. முதலாளிக்கு ஓட்டத் தெரியாதுல்லா. சாவியத் திருப்பிக் குடுத்துட்டாரு."

"வீட்டுக்குப் போன பெறவு?"

"ஒரு போல்ட் குறையுதுன்னும் வாய் தவறிச் சொல்லிட்டேன் அத்தான். இப்ப, ஆறு போல்ட்டும் சரியாப் போட்டு வண்டியக் கொண்டாந்து நிறுத்து, அதோட நீயும் நின்னுக்கன்னு சொல்லிட்டாரு." என் காதருகே குனிந்தான். "அந்த ஆறாவத எடுத்துராதீங்க அத்தான். தை வரைக்கும் விட்டுருங்க. உங்க அக்கா தம்பிக்காக."

என் அக்கா தம்பி நான்தான். பயத்தில் உளறினான்.

எடுக்காமல் விடலாம். ஆனால் மேஸ்திரி வந்து பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாச் சாமானும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் கண்முன்னால் வேலையை வேண்டுமென்றே கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. காளிராஜ் எதிரே நின்று கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

முறைப்படி ஆரம்பித்தேன். மலர்ந்திருந்த முகத்தை அரத்தால் சமமாக்கினேன். நடுவில் பஞ்ச் வைத்துத் தட்டிக் குழி போட்டேன். சின்ன டிரில் பிட்டில் துளை, பிறகு அதைவிடப் பெரிய பிட். எதிர்ப்பக்கம் முறுக்கிய உருக்குக் குச்சி ஒன்று உண்டு. எக்ஸ்ட்ராக்டர் என்போம். அதைத் துளையில் சொருகித் திருகினால் கவ்விக்கொண்டு துண்டோடு வெளியே வரும். சொருகினேன். முதலில் நாலு தட்டு தட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மெதுவாகத் திருகினேன். கவ்வியது. துண்டு அசைந்ததுபோல இருந்தது. வந்துவிடும் என்று தோன்றியது.

டிக் என்றது. குச்சி உள்ளே முறிந்து நின்றது. அதைத் துளைக்கிற பிட் எங்கள் பட்டறையில் கிடையாது.

மேஸ்திரி முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முதலாளி ஆள் அனுப்பிக் கேட்டபோது, "எடுக்க வழியில்ல. ஹப்பு புதுசு கிடைச்சாத்தான். அஞ்சுல ஓடட்டும்" என்று சொல்லிவிட்டார். பட்டாள ஜீப்புக்கு ஹப் எங்கே கிடைக்கும்? முதலாளி பார்க்கும்போதெல்லாம் "போல்ட் வந்துச்சாலே?" என்று கேட்பார். "இன்னும் வரல முதலாளி" என்பான் இவன். தை வந்துவிட்டது. முதலாளி அதே ஜீப்பில் நாகலாபுரத்துக்கு வந்து கல்யாணத்தை நடத்திவைத்தார். பெண் ஊர்வலமும் அதிலேதான்.

சாப்பாட்டுப் பந்தியில் காளிராஜ் என்னை முதல் இலையில் உட்கார வைத்தான். அவன் மாமனாரிடம், "அத்தான் நினைச்சிருந்தா அந்த போல்ட்ட ஒரு நிமிசத்துல எடுத்திருப்பாரு. எனக்காக மேஸ்திரி முன்னாலயே குச்சிய ஒடச்சுப் போட்டாரு. அந்த மாதிரி கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்றான். சண்முகத்தாய் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாயசம் இரண்டு தடவை வந்தது.

நான் குனிந்து சாப்பிட்டேன். அன்று காலை நான் எடுக்கத்தான் பார்த்தேன்.